ரத்தான ஏலமும் சிவப்புக் குறியும்

கேள்வி: அப்பாவின் ஆல்பத்தில் இருந்த 1948 காந்தி ஸ்டாம்ப் செட்டை ஈபே ஏலத்தில் விட்டேன். ஜெர்மனிக்காரர் ஒருவர் எடுத்துப் பணமும் கட்டிவிட்டார். பேக் செய்யும்போதுதான் பன்னிரண்டணா ஸ்டாம்பின் பின்பக்கம் காகிதம் உரிந்திருப்பதைப் பார்த்தேன். ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பிவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் ‘வாங்குபவர் கேட்டுக்கொண்டார்’ என்று கொடுத்தேன். மறுநாளே அவர், ‘நான் கேட்கவே இல்லை, பொய் சொல்கிறார்’ என்று நெகட்டிவ் ஃபீட்பேக் (சிவப்புக் குறியோடு எல்லோருக்கும் தெரியும் மோசமான மதிப்பீடு) போட்டுவிட்டார். ஒரு பைசா நஷ்டமில்லாதவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? நானும் அவருக்கு நெகட்டிவ் போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போட முடியாது தம்பி. 2008-லிருந்தே ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு நல்ல ஃபீட்பேக் மட்டும்தான் தரலாம். அதற்கு முன்னால் இரு பக்கமும் போடலாம் என்று இருந்தபோது, பதிலுக்குப் பதில் வந்துவிழுமே என்று பயந்து வாங்கினவர்கள் உள்ளதைச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அதனால் அந்த வழியை அடைத்தார்கள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏலத்தில் ஜெயித்து, செட் நம்முடையது என்று ஆல்பத்தில் இடம் ஒதுக்கி வைத்திருப்பார். செட் வரவில்லை. அதோடு, தான் செய்யாத காரியம் தன் பெயரில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது ‘இருப்பில் இல்லை அல்லது சேதமாகிவிட்டது’ என்ற காரணம். அது விற்பவர் கணக்கில் குறையாக ஏறும் என்பதால்தான் பலர் அதைத் தொடப் பயப்படுகிறார்கள். நூறு விற்பனையில் இரண்டுக்கு மேல் குறை போனால்தான் கணக்குத் தரம் இறங்கும். நேர்மையாக ஒரு குறையை ஏற்றுக்கொள்வது உங்களை ஒன்றும் கவிழ்த்துவிடாது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஸ்டாம்பின் பின்பக்கத்தை நன்றாகப் படமெடுத்து அதோடு சேருங்கள். ‘காரணத்தைத் தவறாகக் குறித்தது நான்தான், மன்னிக்கவும்’ என்று இரண்டு வரி போதும். அப்பா, ஆல்பம், அவசரம் என்றெல்லாம் கதை வேண்டாம். அவர் பதில் தணிவாக வந்தால், ஃபீட்பேக்கை மாற்றும்படி ஈபே மூலமாகவே கோரிக்கை அனுப்பலாம். ஒரு ஃபீட்பேக்குக்கு ஒரு முறைதான் கேட்க முடியும், அதற்கும் கெடு உண்டு. அதனால் அவர் மனம் ஆறுவதற்கு முன்னால் அனுப்பி வீணாக்காதீர்கள். மாற்றினால் பணம் தருகிறேன், இன்னொரு ஸ்டாம்ப் தருகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அது விதிமீறல்.

மாற்ற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஃபீட்பேக்குக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் பதில் எழுதலாம். ‘பேக் செய்யும்போது சேதம் தெரிந்தது. முழுப் பணமும் திருப்பினேன். ரத்துக் காரணத்தைத் தவறாகக் குறித்தது என் பிழை.’ இதைப் படிக்கப்போவது ஜெர்மனிக்காரர் அல்ல, நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர். சண்டை போடாத பதிலைப் பார்த்தால் அவர் பயமில்லாமல் ஏலம் கேட்பார்.

அப்புறம், பணமே கட்டாமல் இழுக்கிறவர்கள் விஷயம் வேறு. நான்கு நாள் கழித்து ‘பணம் கட்டவில்லை’ என்ற காரணத்தோடு ரத்து செய்துவிடலாம்.

இனிமேல் ஏலத்தில் போடும் முன்பே பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய ஆல்பங்களில் ஸ்டாம்பின் பின்பக்கம் ஹிஞ்ச், அதாவது ஆல்பத்தில் பிடித்துவைக்கும் சின்னப் பசைக் காகிதம், ஒட்டியிருப்பார்கள். அதைப் பிய்க்கும்போது காகிதம் ஒரு அடுக்கு உரிந்து வந்துவிடும். இடுக்கியில் பிடித்து விளக்குக்கு எதிரே காட்டினால் உரிந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து போடுங்கள்.

அந்தச் செட்டை மறுபடி ஏலத்தில் விடலாம். அந்தச் செட்டில் இருக்கும் பத்து ரூபாய் ஸ்டாம்புக்குத்தான் நல்ல விலைமதிப்பு. அது நன்றாக இருந்தால், பன்னிரண்டணாவின் குறையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டாலும் வாங்க ஆள் வரும். விட்ட அன்றைக்கே ஜெர்மனிக்காரருக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். இன்னும் அந்தச் செட் வேண்டும் என்றிருந்தால் அவரே கேட்கட்டும்.