ஏறாது என்று யார் சொன்னது?

கேள்வி: எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை, ‘வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு நாம் என்ன கத்தினாலும் மண்டையில் ஏறாது சார்’ என்கிறார். பாடம் நடத்தத் தெரிந்தவர்தான். வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்துத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: வேண்டாம். பேச்சாளர் ‘உங்களால் முடியும்’ என்று முழங்குவார், எல்லோரும் கைதட்டுவார்கள். மறுநாள் அதே பிள்ளை அதே எழுத்தில் தடுமாறி நிற்கும்போது அந்த முழக்கம் எதற்கும் உதவாது.

உங்கள் ஆசிரியை சொன்னதை ஏறக்குறைய அப்படியே 1976-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் கேள்வியாகக் கேட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் வாசிப்புத் திட்டத்தை ஆராய்ந்தபோது, ‘எல்லாம் வீட்டுச் சூழல்தான், ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது’ என்பதை ஏற்கிறீர்களா, ‘முயன்றால் எப்படிப்பட்ட பிள்ளைக்கும் புரியவைத்துவிடுவேன்’ என்பதை ஏற்கிறீர்களா என்று ஆசிரியர்களிடம் கேட்டார்கள். தன்னால் முடியும் என்றவர்களின் வகுப்பில் பிள்ளைகளின் வாசிப்பு கூடுதலாக முன்னேறியிருந்தது. அதற்காக நம்பினாலே போதும் என்று கிளம்பிவிடக் கூடாது. பிள்ளைகள் தேறத் தேறத்தான் ஆசிரியரின் நம்பிக்கையும் வளரும்.

தப்பான பதில் வரும் இடத்தில்தான் அந்த நம்பிக்கை வெளியே தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசிக்கிறது. நம்பிக்கை போனவர், ‘உட்காரு, அடுத்து நீ வாசி’ என்று நகர்ந்துவிடுவார். நம்பிக்கை உள்ளவர் அங்கேயே நிற்பார். ‘முன்னால் இருக்கிற கொம்பைப் பார்த்துவிட்டாய், பின்னால் ஒரு கால் இருக்கிறதே, அதைப் பார்த்தாயா?’ என்று விரல் வைத்துக் காட்டுவார். கிப்ஸன், டெம்போ என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் எழுதியதும் இந்த வேறுபாட்டைத்தான். அந்தச் சில நொடிகள் கிடைக்காமலே ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் ஆளில்லை என்பது உண்மைதான். அதனால்தானே பள்ளிக்கு அனுப்புகிறார்கள்?

ஆனால் ஆசிரியையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்த நம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து வெற்றி பெற்ற அனுபவம்தான் அதற்கு முதல் ஊற்று என்றார். தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பதும் உதவும். வாயால் சொல்லித் தேற்றுவதற்கு அவ்வளவு வலு இல்லை. சரி, உங்கள் ஆசிரியைக்கு அந்த முதல் அனுபவம் வாய்க்க நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் எத்தனை வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து நடத்துகிறார், எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு என்ற முதல் நிலையிலேயே நிற்கும் இரண்டு மூன்று பிள்ளைகளை அவரிடம் விடுங்கள். தினமும் அரை மணி நேரம், அலுவலக வேலை எதுவும் குறுக்கிடாமல். அந்த நேரத்துப் பதிவு வேலையை நீங்களே பாருங்கள். பக்கத்து ஊரில் இதே மாதிரிப் பிள்ளைகளை வாசிக்கவைத்த ஓர் ஆசிரியரின் வகுப்பில் அவரை ஒருநாள் உட்காரவையுங்கள். மாதிரிப் பள்ளி எதையும் காட்ட வேண்டாம், ‘அங்கே வசதி இருக்கிறது’ என்றுதான் தோன்றும். அப்புறம், அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அடுத்த படியான மொட்டு நிலைக்கு வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கவைத்து, சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்று பெற்றோர் முன்னால் நீங்களே சொல்லுங்கள்.