முதன்முறை கஞ்சா விதை வாங்குபவர் ரகத்தின் பெயரை ஏன் கடைசியாகப் பார்க்க வேண்டும்?

வீட்டில் கஞ்சா வளர்க்கச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பதாகவும், இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை என்றும், நூற்றுக்கணக்கான ரகங்களில் எதை வாங்குவதென்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அனுமதி இருக்கும் இடங்களிலும் செடிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் 3 செடிகள் வரை வளர்க்கலாம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு 4. அனுமதியில்லாத நாடுகளில் ஒற்றைச் செடிகூடச் சிறைக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதால், உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் படித்துவிடுங்கள். அந்த எண்ணிக்கை வரம்புதான் விதைத் தேர்வையும் தீர்மானிக்கிறது.

நான் முதன்முறை வாங்கியபோது பெயரின் கவர்ச்சியையும், பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த டிஹெச்சி (போதை தரும் வேதிப்பொருள்) சதவீதத்தையும் மட்டுமே பார்த்தேன். மூன்று விதைகளும் முளைத்தன. செடிகள் செழிப்பாகவே வளர்ந்தன. ஆறாவது வாரத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் இரண்டு செடிகளில் சிறு காம்போடு உருண்டையான மொட்டுகள் தெரிந்தன. மூன்றாவதில் மட்டும் இரண்டு வெள்ளை இழைகள் மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தன. உருண்டை மொட்டு ஆணுக்கு அடையாளம், வெள்ளை இழை பெண்ணுக்கு. கஞ்சாவில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள் என்பதையும், நான் வாங்கிய 'ரெகுலர்' விதையில் ஏறக்குறையப் பாதி ஆணாகத்தான் வரும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஆண் செடியை விட்டுவைத்தால் மகரந்தம் பரவி, அறுவடைக்கு வேண்டிய பெண் பூக்களெல்லாம் விதை பிடித்துவிடும் என்பதால், அந்த இரண்டையும் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் பார்க்க வேண்டிய சொல் 'ஃபெமினைஸ்டு'. ஒரு பெண் செடியின்மீது வெள்ளிச் சேர்மக் கரைசலைத் தெளித்து, அதையே மகரந்தம் தரவைத்து, அந்த மகரந்தத்தை இன்னொரு பெண் செடியில் சேர்த்து எடுக்கும் விதை இது. இரு பக்கமும் பெண் குரோமோசோம்களே இருப்பதால் முளைப்பவை அநேகமாக எல்லாமே பெண்தான். மரபணு மாற்றம் எதுவும் இதில் இல்லை. ஆண் செடியைக் களைவது ஒரு தனித் தொழிலாகவே இருந்த காலமும் உண்டு: 1893-94-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணை ஆணையத்தின் அறிக்கை, வங்காள வயல்களில் அதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. மூன்று தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

அடுத்த கேள்வி, ஆட்டோஃபிளவரா, ஃபோட்டோபீரியடா என்பது. ஃபோட்டோபீரியட் செடி இருளைக் கணக்குப் பார்த்துப் பூக்கும். தினமும் 12 மணி நேரம் போல இடைவிடாத இருட்டு கிடைத்தால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். ஆட்டோவின் முன்னோர்களில் ருடெராலிஸ் என்ற குட்டையான இனமும் உண்டு. 1924-இல் ரஷ்யத் தாவரவியலாளர் ஒருவர் விவரித்த அந்த இனம் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயது வந்ததும் பூத்துவிடும். அந்தக் குணத்தைப் பெற்ற ஆட்டோக்கள் பல விதையிலிருந்து அறுவடை வரை 10 வாரங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. விற்பவர்கள் பெரும்பாலும் புதியவருக்கு ஆட்டோவையே சிபாரிசு செய்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஆட்டோவுக்கு நேரம் குறைவு என்பதால், இளம்பருவத்தில் தண்ணீரை மிகுதியாக ஊற்றியோ, தொட்டி மாற்றும்போது வேரைக் காயப்படுத்தியோ செய்த தவறிலிருந்து தேறுவதற்குள் அது பூக்கத் தொடங்கிவிடும். ஃபோட்டோபீரியட் செடியோ விளக்கு நேரத்தை நீங்கள் மாற்றும்வரை காத்திருக்கும். அறைக்குள் செடி வளர்க்கும் கூடாரமும் விளக்குக்கு டைமரும் இருந்தால் ஃபோட்டோபீரியடே புதியவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இரவெல்லாம் தெருவிளக்கு விழும் பால்கனிதான் உங்கள் இடம் என்றால் ஆட்டோவைத் தவிர வேறு வழியில்லை.

இண்டிகா, சாட்டிவா என்ற பிரிவைக் கடைக்காரர்கள் வேதவாக்குபோலச் சொல்வார்கள். 1753-இல் லின்னேயஸ் சாட்டிவா என்றும், 1785-இல் லமார்க் இந்திய மாதிரிகளை வைத்து இண்டிகா என்றும் பெயரிட்டது செடியின் உருவத்தைக் கண்டுதான். இரண்டும் பல தலைமுறைகளாகக் கலந்துவிட்டன. 2015-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்விலும், லேபிளில் எழுதியிருந்த பிரிவு செடியின் மரபோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இது தூக்கம் தரும், அது சுறுசுறுப்புத் தரும் என்ற பேச்சை விட்டுவிட்டு, உயரத்தையும் பூக்கும் வாரங்களையும் மட்டும் படியுங்கள். எட்டு ஒன்பது வாரம் என்று போட்டிருந்தால் சமாளிக்கலாம். பன்னிரண்டு பதினான்கு என்றால் முதல் முறைக்கு வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் இறுக்கமான தடித்த பூங்கொத்து விடும் ரகம் உள்ளிருந்தே சாம்பல் பூசணம் பிடித்து அழுகும். அங்கே கொத்து சற்றே தளர்வாக அமையும் ரகம்தான் பிழைக்கும். டிஹெச்சி சதவீதமோ, கைதேர்ந்தவர் நல்ல சூழலில் எடுத்த உச்ச விளைச்சலின் எண். உங்கள் உடலுக்கும் இது புதிதென்றால், டிஹெச்சியும், போதை தராத சிபிடி என்ற வேதிப்பொருளும் சமமாக உள்ள ரகங்களைத் தேடுவது நல்லது.

இவ்வளவையும் வடிகட்டிய பிறகு மிஞ்சும் நாலைந்தில் பெயர் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நார்தர்ன் லைட்ஸ் போன்ற பழைய ரகங்கள் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்கு, செடி குட்டையாக நிற்பதும் சீக்கிரம் முடிவதுமே காரணம். ஆனால் ஒரே பெயரில் பலர் விற்பதால் பெற்றோர் ரகங்களை வெளிப்படையாக எழுதும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

விதை கைக்கு வந்ததும், பழுப்பு நிறத்தில் கரும்வரிகளோடு, விரல்களுக்கிடையில் மெல்ல அழுத்தினால் நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிறிய பச்சையாக இருப்பது பெரும்பாலும் முதிராத விதை. விதையின் அடிக்குழியைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லலாம் என்று ஒரு படம் இணையத்தில் சுற்றுகிறது. அது முழுப் பொய். மீந்த விதைகளைப் பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத சிறு குப்பியில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த ஆண்டும் முளைக்கும்.