பெட்டி மேல் ஏன் இத்தனை கோடு?

கேள்வி: ரிமோவா சூட்கேஸ் முழுக்க வரி வரியாக இருக்கிறதே, சும்மா அழகுக்கா?

பதில்: அழகும் உண்டு, ஆனால் விஷயம் விமானத்தில் இருக்கிறது. 1898-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பால் மோர்ஷெக் தொடங்கிய கம்பெனி இது, அப்போது செய்ததெல்லாம் மரப்பெட்டிதான். 1930களில் தொழிற்சாலை தீப்பிடித்து மற்றதெல்லாம் சாம்பலாக, அலுமினியம் மட்டும் தப்பியது என்று கம்பெனியே சொல்கிறது. 1937-ல் முதல் அலுமினியப் பெட்டி வந்தது. அப்புறம் 1950-ல்தான் நீங்கள் கேட்கும் வரிகள். யுங்கர்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் விமானங்களுக்கு உடல் நெளிநெளியான தகட்டால் ஆனது, அதைப் பார்த்துச் செய்தது. சாதா காகிதத்தை நிறுத்திப் பாருங்கள், துவண்டு விழும். விசிறி மாதிரி மடித்தால் நிற்கும் இல்லையா, அதே சூத்திரம்தான், மெல்லிய தகடே போதும், எடை கூடாது. அதற்காக நசுங்காது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே நசுங்கும், அந்த நசுங்கலைத் தழும்பு மாதிரி பெருமையாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

பெயர்? பாலின் மகன் ரிச்சர்ட் மோர்ஷெக், கூடவே ‘வாரன்ட்சைஷன்’, அதாவது டிரேட்மார்க். மூன்று சொல்லிலிருந்தும் முதல் இரண்டிரண்டு ரோமன் எழுத்து: Ri-mo-wa. 2000-ல் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் பெட்டி வந்தபோதும் வரிகளை விடவில்லை. 2016-ல் 80 சதவீதப் பங்கை 64 கோடி யூரோவுக்கு வாங்குவதாக எல்விஎம்எச் அறிவித்தது, லூயி விட்டோன் என்ற ஆடம்பர பிராண்டை வைத்திருக்கும் அதே குழுமம். விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள்.