தொட்டிக் கேள்விகள்: பாறையில் பச்சை முடி

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் இருக்கிறேன். 200 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி, எட்டு மாதமாகிறது. இரண்டு கிளவுன் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). இப்போது பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரி பாசி. கடையில் கொடுத்த பாட்டில் மருந்தை ஊற்றிப் பார்த்தேன், மூன்று நாள் விளக்கை அணைத்துப் போர்வையால் மூடியும் பார்த்தேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம்தான் காட்டுகிறது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். மீன் வளர்க்கிறாயா, கீரை வளர்க்கிறாயா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: அம்மா சொல்வது சரிதான், கீரைதான் வளர்க்கிறீர்கள், தினமும் உரம் வேறு போடுகிறீர்கள். கிட்டில் பூஜ்யம் வருவது உரம் இல்லாததால் அல்ல. தண்ணீரில் சேருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால், கிட்டுக்கு மிச்சம் எதுவும் கிடைப்பதில்லை. மூன்று நாள் இருட்டில் போட்டபோது பாசி செத்தது, தொட்டிக்குள்ளேயே அழுகியது, தின்றதைத் தண்ணீரிலேயே திருப்பிக் கொடுத்தது, அடுத்த பாசி அதைச் சாப்பிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

தும்பு உங்கள் சமையலறையில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். குடிக்கிற தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில், சுத்தமான தண்ணீரோடு ஆர்.ஓ. செய்யாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடுவார்கள், அல்லது தாது சேர்க்கும் ஒரு கேட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள். உடம்புக்கு அதனால் ஒன்றும் இல்லை. பவளத் தொட்டிக்குத்தான் ஆகாது. நம்ம ஊர் அபார்ட்மெண்ட்களில் ஒரு நாள் காவிரி, ஒரு நாள் போர், வெயில் காலத்தில் டேங்கர் என்று வருவதால், உள்ளே போகிற தண்ணீரே தினமும் ஒன்றாக இருப்பதில்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி உங்கள் குழாயில் வைத்துப் பாருங்கள். 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாகிப் போவதை ஈடுகட்ட நாளைக்கு 3 லிட்டர் ஊற்றினால் மாதம் 90 லிட்டர், ஏறக்குறைய அரைத் தொட்டி. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதில் வந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் உள்ளேயே தங்கிவிடும். ஆர்.ஓ. மெஷினின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனிலிருந்து நேராக, கலக்குவதற்கு முன்பே ஒரு குழாய் பிரித்து, அதை மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டீஐ ரெசின் வழியாக விடச் சொல்லுங்கள். மீட்டர் 0 காட்ட வேண்டும், 3 காட்டினால் ரெசினை மாற்றுங்கள்.

அப்புறம் கையால் பிடுங்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பிடுங்கியெடுக்கும் ஒவ்வொரு பிடியோடும் அது தின்ற பாஸ்பேட்டும் தொட்டியை விட்டே வெளியேறுகிறது. பாறையை ஒரு வாளியில், தொட்டித் தண்ணீரிலேயே வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் பறந்து மூலைக்கு மூலை முளைக்கும். உறைந்த இறால் போடுகிறவர் என்றால் உருகிய சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள். விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிகிறதென்றால் எட்டாகக் குறையுங்கள்.

மேய ஆள் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. 1983-84இல் கரீபியன் கடலில் பாசியை மேயும் நீளமுள் சீ அர்ச்சின்கள் (கடல் முள்ளெலிகள்) ஏதோ நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகு ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது. கடலுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்! ஐந்தாறு டர்போ அல்லது ட்ரோக்கஸ் நத்தைகளை, சொட்டு சொட்டாகத் தண்ணீர் பழக்கி விடுங்கள். டர்போ கொஞ்சம் முரடு, ஒட்டாத கோரலைத் தள்ளிவிடும். பாசி மேயும் டேங் மீனும் விற்பார்கள், 200 லிட்டருக்கு வாங்காதீர்கள், அதற்கு நீந்த இடம் போதாது.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு குருணை போடலாம், ஆனால் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். பாறையே பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல விடும் என்பதால் இரண்டு மூன்று மாதம் ஆகும். பூஜ்யத்தைத் துரத்தவும் வேண்டாம். பாசி போன பிறகு பிபிஎம் கணக்கில் நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 என்று நின்றால் நல்லது. இரண்டும் அடியோடு வற்றிய தொட்டியில் டைனோ என்கிற பழுப்புச் சளி வரும், அதற்கு இந்தப் பச்சை முடியே தேவலை.

கேள்வி: பச்சைக் கோலிக்குண்டு போல ஒன்று பாறையில் ஒட்டியிருக்கிறது. நசுக்கிவிடலாமா? (அல்சூர் வாசகர்)

பதில்: வேண்டாம். பபிள் ஆல்கே அது, ஒரு குண்டு முழுக்க ஒரே செல். அடியில் கூரான எதையாவது விட்டு நெம்பி, உடையாமல் எடுங்கள். நிறைய இருந்தால் அதைத் தின்னும் எமரால்டு நண்டு ஒன்று விடுங்கள்.

கேள்வி: மாமா ராமேஸ்வரத்திலிருந்து பவளப்பாறைக் கல் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். பாசி வராதாமே? (பானஸ்வாடி வாசகர்)

பதில்: பாசி வரும், போலீஸும் வரும். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த கல்லானாலும் எடுத்து வரக் கூடாது. மாமாவை அல்வாவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், கடையில் செராமிக் கல் கிடைக்கிறது.