இறந்தவர் என்று பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டு, பிறகு உயிரோடு திரும்பிய கூர்க்கா அதிகாரி யார்?

மேஜர் தன் சிங் தாபா. 1928-இல் சிம்லாவில் பிறந்தார். 1949-இல் 8-ஆம் கூர்க்கா ரைபிள்ஸில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

பேர் வாங்கித் தந்தது 1962 சீனப் போர். லடாக்கில் பாங்கோங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் என்றொரு சிறு காவல் நிலை. தாபாவுடன் இருந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அக்டோபரில் சீனர்கள் பீரங்கியால் அடித்து நொறுக்கிவிட்டு, அலை அலையாக வந்தார்கள். இரண்டு முறை தாபாவின் வீரர்கள் அவர்களை விரட்டியடித்தார்கள். மூன்றாவது முறை டாங்கிகளும் வந்தன. பதுங்குகுழியிலிருந்து வெளியே குதித்த தாபா, கைகலப்பில் பலரை வீழ்த்திய பிறகே பிடிபட்டார்.

நிலை விழுந்ததும் எல்லோரும் மாண்டதாகவே நம் ராணுவம் நினைத்தது. நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ராவை இறந்தவருக்கான விருதாகவே அறிவித்தார்கள். வீட்டில் ஈமச்சடங்குகூட முடிந்துவிட்டது. அப்புறம்தான் அவர் சீனாவில் போர்க்கைதியாக இருப்பது தெரிந்தது! 1963 மே மாதம் விடுதலையானார்.

அதன் பிறகும் ராணுவத்தில் தொடர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். 2005-இல் காலமானார். இந்தியக் கப்பல் கழகத்தின் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார்கள்.