ஆன்லைன் எடிட்டரில், வெற்றிடங்களை நிரப்பிக்கொள்ளும்படியான உயில் படிவம் தயாரிப்பது எப்படி?

ஊரில் இருக்கும் அப்பாவுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பீர்கள், அவர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருப்பார். படிவத்தை அனுப்பினால் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் நிரப்பிக் கொடுப்பான், அப்பா திரையில் விரலால் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நிரப்புவது வரை சரி. விரல் கையெழுத்து மட்டும் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 எந்தெந்த ஆவணங்களுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் அட்டவணை சொல்கிறது. உயில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எடிட்டர்காரர்கள் பெரிதாகக் காட்டும் கையெழுத்துப் பொத்தானை மறந்துவிடுங்கள். உயிலுக்குத் தாளும் மையும்தான்.

நான் காங்கேயம் பக்கம் தட்டச்சும் ஜெராக்ஸுமாகக் கடை வைத்திருப்பவள். வக்கீல் இல்லை, பத்திர எழுத்தரும் இல்லை. டைப் அடிக்கிறவளுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். வக்கீல் பார்க்காமல் போகிற உயில்கள் நிறைய உண்டு, என் பிரிண்டரைப் பார்க்காமல் போனவை குறைவு.

சென்னிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஏதோ ஓர் இலவச பிடிஎஃப் எடிட்டரில் பெட்டி பெட்டியாகப் படிவம் செய்து, தானே நிரப்பி எனக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, பிரிண்ட் மட்டும் எடுத்துக் கொடுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்" என்று சொன்னார். திரையில் கல்யாணப் பத்திரிகை போல அழகாகத்தான் இருந்தது. சொத்து விவரத்துக்கு நாலு வரி உயரத்தில் ஒரு பெட்டி. தாளில் வந்தபோது, "புஞ்சை ஏக்கர் 3.40-ம், மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் சரிபாதியும், அதில் பொருத்தியுள்ள" என்பதோடு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. திரையில் என்றால் உருட்டிப் பார்க்கலாம், தாளை எப்படி உருட்டுவது? வந்த வரிகளிலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிடிஎஃப் பெட்டிகள் பலவற்றுக்குத் தமிழைக் கோத்து எழுதத் தெரியாது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். நிமிர்ந்து, "மோட்டார் எங்கே அம்மிணி? தடம் எங்கே?" என்றார்.

தடம் என்றால் என்னவென்று நகரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவது பெரும்பாலும் நிலத்தால் அல்ல, நிலத்துக்குப் போகிற வழியால்தான். "மாமூல் தடத்தில் ஆள் நடக்க, கால்நடை ஓட்ட, வண்டி வாகனம் போக வர உள்ள பாத்தியம்" என்று ஒரு வரி எழுதாமல் விட்டால் பேரன் காலத்தில் குறுக்கே வேலி நிற்கும். கிணறு பொதுவானால் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர், கரண்டு சர்வீஸ் யார் பெயரில், கீழ்பவானி வாய்க்கால் பாசனமானால் எந்த மடை, எல்லாம் எழுத வேண்டும். நாலு வரிப் பெட்டியில் இது அடங்குமா? அன்று அந்தப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல முழுக்க நானே அடித்தேன். மகன் பேசும்போது கொஞ்சம் முறைப்பாகத்தான் பேசினார். பரவாயில்லை.

ஆகவே பிடிஎஃப் பெட்டி வேண்டாம். கூகுள் டாக்ஸில் இரண்டு பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் காலி. எழுத எழுதக் கட்டம் தானாக நீளும். உறவுமுறைக்கு மட்டும் தேர்வுப் பட்டியல் வைக்கலாம். சொத்து ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை: சர்வே எண், பட்டா எண், விஸ்தீரணம், நான்கெல்லை, கிணறு, மோட்டார், தடம். தேதியையும் ஊரையும் காலியாக விடுங்கள், கையெழுத்துப் போடும்போது பேனாவால் எழுதட்டும். சித்தப்பா, மாமா என்று பலருக்கும் அனுப்புவதானால், அந்தக் கோப்பின் இணைப்பில் கடைசிப் பகுதியில் 'எடிட்' என்று வரும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'காப்பி' என்று ஆங்கிலத்தில் போட்டு அனுப்புங்கள். அவரவருக்குத் தனிப் பிரதி கிடைக்கும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க முடியாது. இது முக்கியம், ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த மாதிரியை அதில் ஒட்டாதீர்கள், ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடில் புதிதாக அடியுங்கள்.

பழைய மாதிரி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கேட்கவில்லைதான். கைக்குக் கை மாறிவரும் உயில் மாதிரிகளில், "பெண் மக்களுக்குத் திருமணம் செய்வித்துச் சீர்வரிசைகள் செய்து கொடுத்துவிட்டபடியால் அவர்களுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரி நிரப்பும் இடமாகக்கூட இருக்காது, அச்சாகவே இருக்கும்! அப்பன் யோசிப்பதற்கு முன்பே படிவம் முடிவு செய்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 1989-லேயே சட்டமானது. எனக்குக் கல்யாணம் அதற்குப் பிறகுதான். நகையும் ஒரு பீரோவும் சீராக வந்தன, கொஞ்ச காலம் கழித்து, என் பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் இன்றும் விசேஷத்துக்கு அழைக்கிறார், நானும் போகிறேன், அது வேறு. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுத அப்பாவுக்கு உரிமை உண்டு, பூர்வீகத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம். கொடுக்க மாட்டேன் என்றால் அவரே வாயால் சொல்லி எழுதட்டும். உங்கள் படிவத்தில் அந்த வரியை வைக்காதீர்கள்.

அச்செடுத்த பிறகு செய்ய வேண்டியதை இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு சாட்சிகள். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவர்களைச் சாட்சியாக்காதீர்கள். எண்பது வயதுக்காரருக்கு எண்பது வயது நண்பரைச் சாட்சி வைப்பதும் வீண், பின்னாளில் கோர்ட்டுக்கு வர ஆள் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பதியாத உயிலை நம் பக்கம் பங்காளிகள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை, அப்பா நடமாடும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

பிறகு எடிட்டரில் உள்ள கோப்பைத் திருத்தினால் உயில் திருந்தாது. மாற்ற வேண்டுமானால் புதிதாக அச்செடுத்து, மறுபடி இரண்டு சாட்சிகள் வைத்து, முதலிலிருந்து கையெழுத்துப் போட வேண்டும்.