நுவரெலியாவுக்கு ஏறும் கிட் காருக்கு எந்த மேனிஃபோல்ட், எந்த இசியு?

அட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கூரையில்லாத லோட்டஸ் செவன் காரின் மாதிரியில் குழாய்ச் சட்டம் அடித்து ஒரு கிட் கார் கட்டுகிறேன். ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின், 16 வால்வ், சின்ன போர்ட் (காற்று நுழையும் ஓட்டை), கையில் இருக்கிறது. ஒரு புரோக்கர் நாலு த்ராட்டில் மேனிஃபோல்டும் ‘சிப் போட்ட’ இசியுவும் செட்டாகத் தருவதாகச் சொல்கிறார். மாதம் இரண்டு தரம் கொழும்புக்கும் இடையில் நுவரெலியாவுக்கும் போய்வர வேண்டும். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம் தம்பி. முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். விஷயம் புதிதானவர்களுக்கு: மேனிஃபோல்ட் என்பது காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, த்ராட்டில் அந்தக் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, இசியு பெற்றோலின் அளவை முடிவு செய்யும் கணினிப் பெட்டி.

அட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். கொழும்பில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் உங்கள் வாசலில் 87தான். நுவரெலியாவில் 81. அங்கே எஞ்சின் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. காற்று குறைந்தால் பெற்றோலும் அதே அளவுக்குக் குறைய வேண்டும். காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். உங்கள் இசியு இதைத் தானாகச் செய்யுமா? மேனிஃபோல்ட் வாங்க முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் எஞ்சினுக்குக் கம்பனி போட்ட மேனிஃபோல்டில் ஒரே த்ராட்டில், அதன் பின்னால் ஒரு காற்றுப் பெட்டி, அதோடு இணைத்த மேப் சென்சர். பெட்டிக்குள் இருக்கிற அழுத்தத்தை அந்த சென்சர் நேராக அளக்கிறது. மலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியும், இசியு பெற்றோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

நாலு த்ராட்டில் போட்டால் அந்தப் பெட்டி போய்விடுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாய். மேப் சென்சருக்குக் கிடைக்கிற அழுத்தம் துடித்துத் துடித்து வரும், நம்ப முடியாது. அதனால் டியூன் செய்கிறவர்கள் அல்ஃபா-என் என்ற முறைக்குப் போகிறார்கள். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்து பெற்றோல் போடும் முறை அது. த்ராட்டில் பாதி திறந்தால் கொழும்பிலும் பாதி, நுவரெலியாவிலும் பாதி. உயரம் அதற்குத் தெரியாது.

“இசியுவில் உயரத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது” என்று புரோக்கர் சொல்வார். பல இசியுக்களில் அது சாவி போடும்போது, எஞ்சின் சுற்றத் தொடங்குமுன், ஒரே ஒரு தரம் அழுத்தத்தைப் படித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீங்கள் காலையில் அட்டனில் ஸ்டார்ட் செய்கிறீர்கள். இசியு 87 என்று குறித்துக்கொள்கிறது. கினிகத்தேனை வளைவுகளை இறங்கி, கித்துல்கல தாண்டி, நிறுத்தாமல் அவிசாவளைக்கு வந்துவிட்டீர்கள். வெளியே இப்போது 101. இசியு இன்னும் 87 என்றே நினைத்து, 14 சதவீதம் குறைவாகப் பெற்றோல் போட்டுக்கொண்டிருக்கிறது. முழு த்ராட்டிலில் 12.8க்கு 1 (ஒரு பங்கு பெற்றோலுக்கு 12.8 பங்கு காற்று) என்று டியூன் செய்த கலவை 14.9க்குப் போய்விடும். அந்த நேரம் ஒரு லொறியை முந்த முழுதாக மிதித்தால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கலாம், அதாவது கலவை நேரம் தவறி வெடிக்கும். கூரையில்லாத காரில் காற்றுச் சத்தத்துக்குள் அந்தத் தட்டல் காதில் விழாது.

அப்படி வந்த ஒரு எஞ்சினை நான் கழற்றியிருக்கிறேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. துடைத்தால் போகவில்லை. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பை எலி கரம்பின மாதிரி இருந்தது. வண்டிக்காரர் பெற்றோலைத்தான் குறை சொல்லிக்கொண்டு நின்றார்.

எதிர்த்திசையில் ஆபத்து குறைவு, செலவு கூட. கொழும்பில் ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் நுவரெலியா போனால் கலவை 10க்கு 1 பக்கம் வந்துவிடும். கரும்புகை, கரி பிடித்த பிளக், எண்ணெயில் பெற்றோல் வாடை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பந்தயக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் நடக்கிறதே, அந்த மாதிரி ஓட்டத்துக்கு மட்டும் கார் கட்டுகிறவருக்கு நாலு த்ராட்டில் அருமையான சாமான். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார், அங்கேயே ஸ்டார்ட் செய்கிறார், அங்கேயே டியூன் செய்கிறார், ஓட்டம் கொஞ்ச நேரத்தில் முடிகிறது. உயரம் பெரிதாக மாறுவதில்லை. மிதித்தவுடன் எஞ்சின் பதில் சொல்கிற அந்த வேகம் வளைவிலிருந்து வெளியே வரும்போது உண்மையிலேயே உதவும். சாலைக்கும் அதுதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், வெளிக்காற்றை எப்போதும் அளந்துகொண்டே இருக்க இரண்டாவது அழுத்த சென்சர் ஒன்று கட்டாயம். நாமே டியூன் செய்யக்கூடிய மெகாஸ்குவிர்ட் வகை இசியுக்களில் அதைத் தனியாகப் பூட்டலாம். அந்த சென்சர் இல்லாமல் நாலு த்ராட்டிலோடு மலை இறங்கக் கூடாது. டியூன் செய்கிறவர் “தேவையில்லை” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, அந்த ‘சிப் போட்ட’ இசியு, அதாவது யாரோ பெற்றோல் கணக்கை மாற்றி எழுதியது. யாருடைய எஞ்சினுக்கு, எந்த உயரத்தில், எந்தப் பெற்றோலுக்கு எழுதினது? 95 ஒக்டேன் பெற்றோலுக்கு எழுதினதில் 92 ஊற்றினால் என்ன ஆகும் என்று புரோக்கரிடம் கேளுங்கள், பதில் வராது. இன்னொரு கொடுமை, டியூன் ஃபைலுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுப்பது. ஒரு சின்னத் திருத்தத்துக்கும் அதே ஆளிடம் போய்க் காசு கொடுக்க வேண்டும். பூட்டிய இசியு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய சாமானுக்கு வாய்க்கு வந்த விலை சொல்லிப் பழகியவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை.

எந்த இசியுவையும் வாங்குமுன் ஒரு சோதனை. லேப்டாப்பை இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, மேப் என்ற இடத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். அட்டனில் 87க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 100 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. ஸ்டார்ட் செய்த பிறகும் எண்ணே மாறாவிட்டால் சென்சர் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை.

மேனிஃபோல்டுக்கும் ஒரு சோதனை உண்டு. 4ஏ-ஜிஇயில் பெரிய போர்ட் ஹெட்டும் சின்ன போர்ட் ஹெட்டும் ஓட்டை அளவில் வேறு. “எல்லாத்துக்கும் சரிவரும்” என்பார்கள். உங்கள் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் வைக்கிற காஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய் மேனிஃபோல்டின் முகத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். லேத்தில் சரிபண்ணலாம் என்ற பேச்சு வேண்டாம்.

எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லை இப்போதே வாங்கி வையுங்கள். நான் ஒரு காரின் எஞ்சின் மாற்றத்தைப் பதியப் போய் ஒரே தாளுக்காக மூன்று தரம் பஸ் ஏறினேன். முதல் நாளே முழுப் பட்டியலையும் சொல்லியிருந்தால் ஒரு பயணத்தில் முடிந்திருக்கும். சொந்தக் கையால் கார் கட்டுகிற பையன்களுக்கு இந்த நாட்டில் ஒரு தெளிவான வழிகாட்டித் தாள் கொடுப்பதற்கு இவ்வளவு கஷ்டமா என்று எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே கம்பனி மேனிஃபோல்டையே பூட்டுங்கள். மேப் சென்சரில் ஓடுகிற, பூட்டுப் போடாத ஒரு இசியுவையும், புகையிலிருந்து கலவையை அளக்கிற வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் ஒன்றையும் வாங்குங்கள். முன்சக்கர வண்டியில் குறுக்கே கிடந்த எஞ்சினை நீங்கள் நீளவாக்கில் திருப்புவதால் த்ராட்டில் வாய் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள சுவர்ப் பக்கம் வரும். வளைவுக் குழாய்க்கு இடம் இருக்கிறதா என்று ஸ்டியரிங் தண்டைப் பூட்டிய பிறகு அளந்து பாருங்கள். அந்த மேனிஃபோல்ட் எஞ்சினோடு வரவில்லை என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் பக்கம் விசாரியுங்கள். நாலு த்ராட்டில் போட்டவர்கள் கழற்றி எறிந்தது எங்காவது ஒரு கடை மூலையில் கிடக்கும்.